கேட்டால் எண்ணம் வந்துவிடுமா?

தற்கொலைத் தடுப்புப் பயிற்சிகளில் நான் அதிகம் கேட்கும் வார்த்தை, "சாகப்போறன் எண்டு சொல்லுறவ சாகமாட்டா" என்பதுதான். இது தவறு. உயிரை மாய்த்துக்கொண்டோரில் பலர் முன்னரே யாரிடமாவது அதை உணர்த்தியிருக்கிறார்கள். காணாமற்போன பிள்ளையைத் தேடியலையும் தாய் "இனி எனக்கு என்ன இருக்கு?" என்றால், புலம்பல் என்று தள்ளிவிடுகிறோம்.

"கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடுமே?" என்பது அடுத்த பயம். வராது. "சாகவேணும் எண்டு நினைக்கிறீங்களா அக்கா?" என்று நேராகவே கேட்கலாம். பெரும்பாலும் முதலில் அழுகை வரும், பிறகுதான் பேச்சு. இடையில் புத்தி சொல்லாமலிருப்பதுதான் கடினம். பயிற்சி பெற்ற எங்களுக்கே நாக்குத் துடிக்கும்!

"முடிவெடுத்தவளைத் தடுக்கேலாது" என்பதும் பிழை. 1995இல் உச்சத்திலிருந்த இலங்கையின் தற்கொலை வீதம், கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்டபின் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த நெருக்கடி நேரத்தைக் கடந்தவர்களில் பெரும்பாலானோர் வாழ்கிறார்கள்.

பொலிஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்குவோர் இன்றும் உண்டு. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல. தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ இரவிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.