சைடு பி-யில் மிஞ்சிய இடம்

எண்பதுகளில் தமிழகத்துச் சின்ன ஊர்களில்கூட பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருக்கும். நோட்டுத்தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதி, ஒரு வெற்றுக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால், சில நாளில் எல்.பி. ரெக்கார்டுகளிலிருந்து பதிந்து தருவார்கள். காப்புரிமைச் சட்டப்படி தப்புத்தான். அன்றைக்கு அதை யார் பார்த்தார்கள்?

சி-60 கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு போட்டால் மூன்று நிமிடம் மிஞ்சும். இன்னொரு முழுப்பாட்டு அதில் அடங்காது. ‘டக்’கென்று பாதியில் அறுந்துவிடும். வெறுமனே விட்டால் காசு கொடுத்தவர் முகம் சுளிப்பார். விவரமான கடைக்காரர் அங்கேதான் தன் ரசனையை இறக்குவார். ஒரு படத்தின் டைட்டில் இசை, வயலின் துண்டு, சமயத்தில் போனி எம். “தம்பி, ரெண்டாவது சைடு கடைசியில நானா ஒண்ணு போட்டிருக்கேன். கேட்டுட்டு வந்து சொல்லுங்க” என்பார். பட்டியலில் இல்லாத இசை பல வீடுகளுக்குள் நுழைந்தது இந்த மூன்று நிமிடச் சந்து வழியாகத்தான்.

அந்தக் கேசட் பிறகு கைமாறும். அழிந்துவிடாமல் இருக்க, மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிட்டுத்தான் இரவல் தருவோம். (மேலே செல்லோடேப் ஒட்டி மறுபடி பதிந்துகொண்ட கில்லாடிகளும் உண்டு.) உள்ளட்டையில் நாகூர் ஹனிபாவுக்குக் கீழே சீர்காழி, அவருக்குக் கீழே ஜேசுதாஸ் என்று ஒரே கையெழுத்தில் இருக்கும். யாரும் வகை பிரிக்கவில்லை. பிடித்திருந்தது, எழுதினார்கள், அவ்வளவுதான்.

வகை பிரித்துச் சண்டை போட்டவர்களும் இருந்தார்கள். 1986-இல் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ வந்தது. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்ட, பாட்டு வரிகளே இல்லாத தொகுப்பு. சபா ரசிகரும் சினிமா ரசிகரும் ஒரே கேசட்டை வைத்துக்கொண்டு வாதாட அது இடம் கொடுத்தது. ஜான் மெக்லாஃப்லினின் கிதாரோடு விக்கு விநாயக்ராமின் கடம் சேர்ந்த ‘சக்தி’ குழுவின் முதல் தொகுப்பு வந்ததோ அதற்குப் பத்தாண்டு முன்பே, 1976-இல். ஜாஸ் என்றால் காத தூரம் ஓடுகிறவரையும் “கடத்துக்காகக் கேளுங்க சார்” என்று உட்கார வைத்துவிடலாம். அதே குழுவின் ‘திஸ் மொமென்ட்’ 2024-இல் கிராமி விருது வாங்கியது.

இன்று பகிர்வதற்குக் குறைவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே நாலு லிங்க் விழுகிறது, திறப்பவர்தான் இல்லை. செயலி பரிந்துரைப்பதும் பெரும்பாலும் நேற்று கேட்டதன் பங்காளியைத்தான். கடைக்காரருக்கு நம் முகம் தெரியும். நாம் திரும்பி வந்து திட்டுவோம் என்பதும் தெரியும். அந்தப் பொறுப்பு இல்லாமல் தள்ளிவிடுவதைப் பகிர்தல் என்று நான் சொல்லமாட்டேன்.

அதனால் இந்த வாரம் யாருக்காவது பாட்டு அனுப்பினால், ஒன்றே ஒன்று அனுப்புங்கள். அவர் வழக்கமாகக் கேட்காத ரகமாக இருக்கட்டும். எந்த நிமிடத்தில் எதைக் கவனிக்கவேண்டும் என்று இரண்டு வரி எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து, “கேட்டீங்களா?” என்று போன் போட்டும் கேளுங்கள்.