உயரம் கூட்டிய ஜீப்: பின் பிரேக்கில் கவனம் தேவை

மலைத்தோட்டங்களில் காப்பி, மிளகு, வாழைத்தார் முதலியவற்றை ஏற்றி வரவும், வேலையாட்களை அழைத்துச் செல்லவும் ஜீப் பெரிதும் பயன்படுகிறது. கரடுமுரடான பாதையில் அடிப்பாகம் தட்டாமல் இருக்க, சிலர் கமான் பட்டைகளின் உயரத்தைக் கூட்டிப் பெரிய டயர்களைப் பொருத்துகின்றனர். அப்போது பின் பிரேக்கின் அமைப்பும் பாதிக்கப்படுவதைப் பலர் கவனிப்பதில்லை. பாரத்துடன் இறக்கத்தில் வரும்போதுதான் இக்குறை வெளிப்படும். அப்போது திருத்திக்கொள்ள அவகாசம் இராது.

உயர்த்துவதால் வரும் மாற்றம்

சேஸிஸிலிருந்து பின் அச்சுக்கு ஆயிலைக் கொண்டு செல்லும் ரப்பர் குழாய் பழைய உயரத்துக்கு ஏற்ற நீளம் உடையது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது அது இழுபட்டு வெடிக்கக்கூடும். கைபிரேக் கேபிள் இறுகி, ஷூக்கள் டிரம்மை உரசியபடியே இருக்கலாம்.

சில வண்டிகளில், பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உண்டு. இது ஒரு கம்பியால் பின் அச்சுடன் இணைந்திருக்கும். வண்டியை உயர்த்தியதும் இவ்வால்வு, பாரம் இல்லாத வண்டிக்குரிய நிலைக்குப் போய்விடும். பின்னர் பாரம் ஏற்றினாலும் பின் பிரேக் போதிய அளவு பிடிக்காது. எனவே உயரத்துக்கு ஏற்ற நீளமுள்ள குழாயைப் பொருத்தி, கேபிளையும் வால்வுக் கம்பியையும் மீண்டும் சரிசெய்ய வேண்டும்.

குறையை அறிவது எப்படி?

பெடல் வெகுதூரம் கீழே போய், இரண்டு மூன்று முறை மிதித்ததும் மேலே வந்து கெட்டியாக நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம் எனக் கொள்ளலாம். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்லக் கீழிறங்கினால் கசிவு இருக்கலாம்; அல்லது மாஸ்டர் சிலிண்டர் பழுதாகியிருக்கலாம்.

இடைவெளியைச் சரிசெய்தல்

காற்றை எடுக்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பாமல், பின் அச்சின் அடியில் உறுதியான தாங்கிகளை வைக்கவும். கைபிரேக்கை விடுவித்து, கேபிளையும் தளர்த்தவும். அட்ஜஸ்டரைச் சக்கரம் நிற்கும் வரை இறுக்கி, பின்னர் தடையின்றிச் சுழலும் வரை சிறிது சிறிதாகத் தளர்த்தவும். இரு சக்கரங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கேபிளைக் கடைசியில் சரிசெய்தல் நலம். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவும்.

காற்றை வெளியேற்றுதல்

தாங்கிகளைச் சேஸிஸின் அடியில் வைத்தால் அச்சு தொங்கி, பாரவால்வு ஆயிலின் ஓட்டத்தைக் குறைத்துவிடும். காற்று முழுவதும் வெளியேறாது. எனவே வண்டியின் எடை அச்சின் மீதே இருக்க வேண்டும்.

பொதுவாக, மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். தயாரிப்பாளர் வேறு வரிசை கூறியிருந்தால் அதையே பின்பற்றவும். ஏர் நிப்பிளில் தெளிவான குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வைக்கவும். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளை அரைச்சுற்று திறந்து மூட வேண்டும். மூடிய பிறகே பெடலை விட வேண்டும். குமிழி நிற்கும் வரை இவ்வாறு செய்யவும். இடையிடையே ஆயில் தொட்டியை நிரப்பி வரவும். அது வற்றினால் மீண்டும் காற்று புகும்.

எந்த ஆயில்?

டாட் 3, டாட் 4 ஆகியவற்றுள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதையே ஊற்ற வேண்டும். எஞ்சின் ஆயில், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் கலக்கக் கூடாது. ரப்பர் வாஷர்கள் உப்பிப் பிரேக் செயலிழக்கும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியதில் இது 140 டிகிரி வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறும்போது அத்தகைய ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் அடியோடு அமுங்கிவிடும். ஆகவே திறந்து வைத்த பழைய ஆயிலையும், பாட்டிலில் வடிந்ததையும் திரும்ப ஊற்றக் கூடாது.

வேலை முடிந்ததும் முதலில் வெறும் வண்டியையும், பிறகு சிறிது பாரம் ஏற்றியும் சமதரையில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பின்னரே மலைப்பாதையில் இறங்க வேண்டும். பெடல் இன்னும் அமுங்கினால் பட்டறையில் காட்டவும். வண்டியை உயர்த்தும் முன், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு மாற்றங்களுக்கு விதித்துள்ள கட்டுப்பாடுகளை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது அவசியம்.