ருசி தெரியாத சொட்டு மருந்து

மதுரை சிம்மக்கல் பக்கத்து மருந்துக்கடைகளில் எப்போதாவது காதில் விழும்: "அண்ணே, ருசி தெரியாத சொட்டு மருந்தா இருக்கா? ரசத்துல ஊத்துனா கண்டுபிடிச்சிருவானா?" கேட்பவர் பெரும்பாலும் அம்மா. மகன் மனநோய் மாத்திரையைத் துப்புகிறான், ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. அவரைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது. ஆனாலும் அது சரியா?

சந்தேகம் நிஜமாகும்போது

மனச்சிதைவு நோய் வந்தவர்கள் பலர் "சாப்பாட்டுல எதையோ கலக்குறாங்க" என்று பயப்படுவார்கள். நாம் நிஜமாகவே கலந்துவிட்டால் அந்தப் பயத்துக்கு என்ன பதில் சொல்வது? இந்த நோய்க்குத் தரும் மருந்துகளால் சிலருக்குக் கை நடுங்கும், உடம்பு விறைக்கும், எச்சில் ஒழுகும். காரணம் தெரியாதவர் செய்வினை என்றுகூட நினைத்துக்கொள்வார். குட்டு வெளிப்பட்ட அன்றைக்கு அம்மா கைச் சோற்றையும் தொடமாட்டார், மருத்துவரையும் நம்பமாட்டார்.

ஏர்வாடி

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். ரசத்தில் மருந்து ஊற்றும் தாயை அந்தக் காப்பகத்தோடு சேர்த்துப் பேசுவது அநியாயம்தான். ஆனால் "அவனுக்கு என்ன தெரியும்" என்ற நினைப்பு இரண்டு இடத்திலும் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. நோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று அது கருதுவதில்லை. இன்ன சிகிச்சை வேண்டும், இது வேண்டாம், என் சார்பில் இன்னார் பேசட்டும் என்று வயதுவந்த யாரும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரவும் சட்டத்தில் வழி உண்டு.

துப்புகிறவரிடம் கேளுங்கள்

ஏன் வேண்டாம் என்கிறார்? பகலெல்லாம் தூக்கம் சொக்குவதாலா, எடை கூடியதாலா? மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். தினமும் விழுங்குவதுதான் தொல்லை என்றால், அவர் சம்மதத்தோடு இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. மருத்துவர் முன்னால் அவரே முதலில் பேசட்டும். அண்ணனும் அம்மாவும் பிறகு பேசலாம். சிம்மக்கல்காரர்களுக்கு வைகையைத் தாண்டினால் அரசு இராசாசி மருத்துவமனை. வீட்டிலிருந்தே கேட்க, 'டெலி மானஸ்' மனநல உதவியின் இலவச எண் 14416. எந்த நேரமும் பேசலாம்.