ஆபீஸ் சர்வருக்குள்ள லாகின் பண்றீங்களா? உங்க பகா எண் எவ்வளவு பெருசுன்னு கேளுங்க!



ஜூலை மாசம், ஐ.டி.ஆர். சீசன். ராத்திரி 11 மணிக்கு வீட்ல இருந்தே ஆபீஸ் சர்வருக்குள்ள போய் கிளையன்ட்டோட பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுக்கிறோம். நடுவுல இருக்கிற நெட்வொர்க் நம்மளோடது இல்ல. வழியில யாரும் படிக்க மாட்டாங்கன்னு எந்த தைரியத்துல இருக்கோம்?

லினக்ஸ் சர்வர்னா அந்த தைரியத்துக்குப் பேர் எஸ்.எஸ்.ஹெச். பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டதால, 1995-ல் டாட்டு யூலோனென் அங்கே எழுதியது.

சாவியை அனுப்பாமலே சாவி

டேட்டாவைப் பூட்ட ரெண்டு பக்கமும் ஒரே சாவி வேணும். அந்தச் சாவியையே நெட்ல அனுப்பினா திருடன் எடுத்துக்குவான். 1976-ல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்ட வழி: சாவியை அனுப்பவே வேண்டாம், ரெண்டு பேரும் அவங்கவங்க இடத்துலயே செஞ்சுக்கலாம்.

கால்குலேட்டர் எடுங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச எண்கள் ரெண்டு: பகா எண் 23, அடி எண் 5.

- என் ரகசியம் 7. ஏழு 5-ஐப் பெருக்கினா 78,125. 23-ஆல் வகுத்தா மீதி 17. இதை அனுப்புறேன்.
- சர்வரோட ரகசியம் 3. மூணு 5-ஐப் பெருக்கினா 125, மீதி 10. அது எனக்கு வருது.
- நான் ஏழு 10-ஐப் பெருக்குறேன்: ஒரு கோடி. மீதி 14.
- சர்வர் மூணு 17-ஐப் பெருக்குது: 4,913. மீதி 14.

ரெண்டு பேர்கிட்டயும் 14! ஆனா வழியில போனது 23, 5, 17, 10 மட்டும்தான்.

கூட்டு வட்டியில முதிர்வுத் தொகை தெரிஞ்சா எத்தனை வருஷம்னு கண்டுபிடிச்சிடலாம், ஏன்னா தொகை ஏறிக்கிட்டே போகும். இங்க மீதி 5, 2, 10, 4, 20, 8, 17-னு தாறுமாறா குதிக்குது. அதான் பின்னோக்கிப் போறது கஷ்டம். ஏன் பகா எண்? பகு எண்ணா இருந்தா, கணக்கைச் சின்னத் துண்டுகளா உடைச்சுப் போட்டுடலாம்.

23-க்கு 22 தடவை முயற்சி பண்ணினா போதும். அதனால நிஜத்துல 2048 பிட், அதாவது 617 இலக்கப் பகா எண் பயன்படுது.

சிக்கல் எங்கே?

இந்தப் பகா எண் ரகசியம் இல்ல. உலகம் முழுக்க ஏராளமான சர்வர்கள் ஒரே 1024 பிட் எண்ணையே வச்சிருந்தாங்க. 2015-ல் 'லாக்ஜாம்' ஆய்வு சொன்னது: அந்த ஒரு எண்ணுக்குப் பெரிய கணக்கை ஒரு தடவை போட்டு முடிச்சா, அப்புறம் ஒவ்வொரு இணைப்பையும் உடைக்கிறது சுலபம். ஒரு அரசாங்கத்தோட பட்ஜெட்டுக்கு அது எட்டும். அப்படி உடைச்சா, அன்றைய எஸ்.எஸ்.ஹெச். சர்வர்களில் சுமார் 26 சதவீதத்தை ஒட்டுக்கேட்கலாம்.

அதே வருஷம் ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச். 7.0, அந்தப் பழைய முறையைத் தானாகவே அணைச்சு வச்சது. ஆனா அப்டேட்டே பண்ணாத சர்வர்ல?

இன்னைக்குப் பதிவு பண்ணி வச்சு, பின்னாடி கூட உடைக்கலாம். பாஸ்வேர்டை மாத்திடலாம், கிளையன்ட்டோட பான் நம்பரையும் சொத்துக் கணக்கையும் மாத்த முடியுமா?

ஐ.டி. ஆள்கிட்ட கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. 1024 பிட் 'குரூப் 1' அணைச்சாச்சா? குறைஞ்சது 2048 பிட் 'குரூப் 14' வேணும்.
2. 'கர்வ்25519' இருக்கா? 2-இன் அடுக்கு 255-ல் 19-ஐக் கழிச்சா வர்ற பகா எண்தான் அந்தப் பேர். கணக்கு முறையே வேற, அதனால சின்ன எண்ணே போதும்.
3. சர்வரோட கைரேகை எண் என்ன? முதல் லாகின்ல "இதை நம்பலாமா?"-னு கேட்கும். கண்ணை மூடிட்டு 'யெஸ்' போடாதீங்க, போன்ல சரிபாருங்க. சாவி செய்ற கணக்குக்கு, எதிர்ல இருக்கிறது யாருன்னு தெரியாது.

வீட்டுக்குப் பூட்டு வாங்கும்போது எத்தனை லீவர்னு கேட்கிறோம். கிளையன்ட் நம்பிக் கொடுத்த கணக்குக்கும் அதே கேள்வியைக் கேளுங்க.