தகவல் துளி: பனங்காடை

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும்போது, வயலோர மின்கம்பியைக் கொஞ்சம் கவனியுங்கள். புறாவைவிடச் சற்றே சிறிதாக, பெரிய தலையோடு பழுப்பு மார்புப் பறவை ஒன்று அசையாமல் உட்கார்ந்திருக்கலாம். பறந்ததும்தான் அதன் அழகு தெரியும். இறக்கை முழுக்கக் கருநீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக விரியும். அதுதான் பனங்காடை!

இதை மீன்கொத்தி என்று நினைப்பவர்கள் உண்டு. அலகைப் பாருங்கள். வெண்மார்பு மீன்கொத்திக்கு நீண்ட சிவப்பு அலகு. பனங்காடைக்குக் கறுத்த, தடித்த அலகு.

வெட்டுக்கிளி, வண்டு, சில்வண்டு, சிறு ஓணான் இவைதான் இதன் இரை. கம்பியிலிருந்து சட்டென்று இறங்கிக் கவ்வும். திரும்பி வந்து, இரையை அடித்துக் கொன்று விழுங்கும். பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்பதால் இது உழவருக்கு உற்ற நண்பன்.

உங்கள் தோட்டத்துக்கும் பனங்காடை வர வேண்டுமா? தானியம் தூவிப் பயனில்லை. பூச்சிமருந்தைக் குறையுங்கள். திறந்த வெளியில் உயரமான கம்பு ஒன்றை நட்டு வையுங்கள். முக்கியமாக, தலை போன பனைமரம் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்றால் வெட்டாமல் விடுங்கள். கோடையில் அதன் பொந்தில்தான் பனங்காடை முட்டையிடும்.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, இதைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றம். கண்ணால் பார்த்து ரசிப்போம், நேயர்களே!