வெடைக்கோழி வயதில் தின்ற தீனி

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. மேலே ஏலத்தோட்டங்கள், கீழே மக்காச்சோளக் காடுகள். இரண்டு இடத்திலும் வீட்டுக்கோழிக்கு விடிந்ததும் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பிடி குருணை. மீதியை அதுவே கிளறிப் பொறுக்க வேண்டும். முட்டைக்கு வந்த பிறகுதான் வீட்டாரின் கவனம் அதன் பக்கம் திரும்புகிறது. அது தாமதம்.

கோழியின் எலும்புக்கூடு முதல் 12, 13 வாரங்களிலேயே ஏறக்குறைய முழுதாக வளர்ந்துவிடுகிறது. குஞ்சுக்குத் தேவையான புரதம் சுமார் 20 சதவீதம். குருணையில் இருப்பதோ 8 சதவீதம் அளவே. அப்போது விட்டதைப் பிறகு ஈடுகட்ட முடியாது. கொட்டிக் கொடுத்தால் கொழுப்பு ஏறும், எலும்பு நீளாது. உடம்பு சிறுத்த கோழி சிறிய முட்டைதான் இடும்.

நாமக்கல் பண்ணைக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். எட்டு வாரம்வரை குஞ்சுத்தீவனம், பிறகு 16 சதவீதப் புரதத்தில் வளர்தீவனம், 18 வாரத்தை ஒட்டி முட்டைத்தீவனம். இடையிடையே எடை பார்ப்பார்கள். சராசரி எடைக்குப் பத்து சதவீதம் மேலே கீழே என்ற வரம்புக்குள் 80 சதவீதக் கோழிகளாவது நிற்க வேண்டும் என்பது கணக்கு. சீராக வளர்ந்த கூட்டம்தான் ஒருசேர முட்டைக்கு வரும்.

சுண்ணாம்புச் சத்து விஷயத்தில் அவசரம் கூடாது. முதல் முட்டைக்கு இரண்டு வாரம் முன்பு, வெடைக்கோழி தன் கால் எலும்புக்குள் அதைச் சேமிக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் சுமார் 2 கிராம் வேண்டும். இரவில் ஓடு உருவாகும்போது தீனியில் வந்தது போதாவிட்டால் இந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் முட்டைத்தீவனத்தை, அதிலுள்ள 3.5 சதவீதச் சுண்ணாம்புச் சத்தோடு, மாதக்கணக்கில் முன்பே வைத்தால் சிறுநீரகம் கெடும். வளரும் பருவத்துக்கு ஒரு சதவீதம் போதும்.

போடிமெட்டின் குளிரில் உடல் சூட்டைக் காக்கவே தீனியில் ஒரு பங்கு போய்விடுகிறது. அடிவாரத்தில் போதும் என்று தோன்றும் அளவு மேலே குஞ்சுக்குப் போதாது.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். தீவனம் அதைப் பண்ணைக்கோழியைப் போல 300 இட வைக்காது. ஆனால் அந்த 80 முழுதாகக் கிடைக்க உதவும். மக்காச்சோளம், கம்பு, கடலைப் புண்ணாக்கு, உப்பிடாத கருவாட்டுத்தூள், தாது உப்புக் கலவை எல்லாம் சந்தையில் கிடைப்பவையே. பானையில் ஈரச்சாக்கும் சாணமும் திணித்துக் கவிழ்த்து வைத்தால் குஞ்சுகள் தின்னக் கரையான் செலவில்லாமல் சேரும்.

அடுத்த அடையில் குஞ்சு பொரித்ததும் முதல் எட்டு வாரத்துக்கு நல்ல தீவனம் வாங்கி வையுங்கள். அந்த எட்டு வாரத்தில் ஒரு குஞ்சு தின்பது ஏறத்தாழ இரண்டு கிலோதான்.