கோட்டை இருக்கிறது, ஊரைத்தான் காணோம்

வட ஸ்காட்லாந்தின் இன்வெர்கார்டன் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் வந்து நின்றதும் முதலில் கண்ணில் படுவது கோட்டையல்ல. க்ரோமர்ட்டி கழிமுகத்தில் வேலையில்லாமல் நிற்கும் ராட்சத எண்ணெய்த் துரப்பண மேடைகள். பயணிகள் காலைப் பலகாரத்தை முடிப்பதற்குள் கீழே சுற்றுலாப் பேருந்துகள் வரிசை கட்டிவிடுகின்றன. சட்டையில் பேருந்து எண் ஸ்டிக்கர், கையில் குடை. மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டும். அதற்குள் ஒரு கோட்டை, ஒரு போர்க்களம், ஒரு ஏரி, நடுவில் சாப்பாடு, போதாக்குறைக்கு ஒரு கம்பளிக் கடை.

அதிகம் விலைபோவது நெஸ் ஏரிப் பயணம்தான். ஏரியில் இருப்பதாகச் சொல்லும் பூதத்தை விட்டுவிடலாம்; 1934-இல் உலகையே நம்பவைத்த அதன் புகைப்படம் வெறும் பொம்மை என்பது 1994-இல் அம்பலமாகிவிட்டது. கரையிலுள்ள அர்க்கார்ட் கோட்டையில் முதலில் ஒரு குறும்படம் போடுகிறார்கள். படம் முடிந்ததும் திரை விலக, கண்ணாடிக்கு அப்பால் நிஜக் கோட்டை! கூட்டம் வாயைப் பிளக்கிறது. இறங்கிப் போனால் நுழைவாயில் அருகே பாறை மாதிரி ஒன்று கிடக்கும். பலர் அதன்மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது பாறையல்ல, சுவர். கல்லும் சாந்தும் இன்னும் ஒன்றையொன்று விடவில்லை. 1692-இல் அரசுக் காவற்படை இங்கிருந்து கிளம்பும்போது, அரியணை இழந்த அரச வம்சத்துக்காகப் போராடிய ஜாக்கோபைட் கலகக்காரர்கள் கைக்குக் கோட்டை போய்விடக் கூடாது என்று வெடிமருந்து வைத்தது. அன்று விழுந்த துண்டு இது.

காடர் கோட்டைக்கு ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகப் புண்ணியத்தில் கூட்டம். நிஜ மக்பெத் 11-ஆம் நூற்றாண்டு அரசன். கோட்டை அதற்கு முந்நூறு ஆண்டு இளையது. யாரும் கவலைப்படுவதில்லை.

கலோடன் போர்க்களத்தைப் பேருந்துகள் அரை மணி நேரத்தில் முடித்துவிடுகின்றன. போரே ஒரு மணி நேரம் நீடிக்கவில்லையே! 1746 ஏப்ரல் 16-இல் அந்த அரச வம்சத்து இளவரசர் சார்லஸின் ஜாக்கோபைட் படை அரசுப் படையிடம் இங்கே நொறுங்கியது. வழிகாட்டிகள் இளவரசர் தப்பியோடிய கதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அதுவரை இந்த மலைநாட்டுக் குலத்தலைவருக்குக் கௌரவம், கூப்பிட்டால் வாளோடு வரும் ஆட்களின் எண்ணிக்கை. அதற்குப் பிறகு, நிலம் தரும் வாடகை. ஆட்களைவிட ஆடு லாபம் என்று கணக்குப் பார்க்க அதிக காலம் ஆகவில்லை.

அந்தக் கணக்கைப் பார்க்க வடக்கே டன்ராபின் கோட்டைக்குப் போக வேண்டும். சதர்லாந்து பிரபு குடும்பத்தின் மாளிகை, 189 அறைகள். கூம்புக் கோபுரங்களைப் பார்த்தால் பிரான்சுக்கு வந்துவிட்டோமோ என்றிருக்கும். கீழே வடிவியல் கணக்காய் வெட்டிய தோட்டம், பயிற்றுநர் கையிலிருந்து பறக்கும் வல்லூறு. தோட்டத்து அருங்காட்சியகத்துக்குள் சுவர் தெரியாத அளவுக்கு, குடும்பத்தார் வேட்டையாடிய விலங்குகளின் தலைகள். ஒட்டகச்சிவிங்கி கழுத்தோடு எட்டிப் பார்க்கிறது.

பக்கத்து மலையுச்சியில் முதலாம் பிரபுவுக்குப் பிரம்மாண்டச் சிலை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவரும் மனைவி எலிசபெத் சீமாட்டியும் தங்கள் பள்ளத்தாக்குகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடியானவர்களைக் கிளப்பினார்கள். காலியான இடத்தில் செவியட் ஆடுகள். 1814-இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். மரம் கிடைக்காத சீமையில் கூரை மரம்தான் ஏழையின் சொத்து. அது எரிந்தால் திரும்பி வந்து வீடு கட்ட முடியாது. நோயாளி மூதாட்டி ஒருவரை எரிகிற வீட்டிலிருந்து தூக்கி வந்தார்கள். சில நாளில் இறந்தார். இதற்காக எஸ்டேட் மேலாளர் பேட்ரிக் செல்லர் 1816-இல் இன்வெர்னஸில் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். ஜூரிகளில் பெரும்பாலோர் நிலப்பிரபுக்கள். விடுதலை! விரட்டப்பட்டவர்களில் சிலர் கடலோரத்தில் ஹெர்ரிங் மீன் பிடிக்கப் பழகினார்கள், சிலர் கனடாவுக்குக் கப்பலேறினார்கள்.

மண்ணில் சத்தில்லை, பஞ்சம் ஓயவில்லை, பிரபு கைக்காசு போட்டுச் சாலையும் துறைமுகமும் அமைத்தார் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. இருக்கட்டும். என்னை உறுத்துவது பேருந்து ஜன்னல். ஆளரவமற்ற பள்ளத்தாக்கு வந்ததும் “மனிதக் கை படாத இயற்கை” என்கிறார்கள். எல்லோரும் கைபேசியைத் தூக்குகிறார்கள். கை படாத இடமா அது? உழுதார்கள், மாடு மேய்த்தார்கள், கேலிக் மொழியில் பாடினார்கள். புல்லுக்கடியில் வீடுகளின் அடித்தளக் கல் இன்னும் இருக்கிறது. துரத்தியவன் மாளிகைக்கு நுழைவுச்சீட்டு, துரத்தப்பட்டவன் ஊருக்கு ஒரு பெயர்ப்பலகை கிடைத்தால் அதிகம். சுற்றுலா நாலு பேருக்குச் சோறு போடுகிறது என்பதை மறுக்கவில்லை. அந்தச் சோற்றுக்காக வெற்றிடத்தை அழகு என்று விற்க வேண்டுமா?

தமிழருக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள், இன்வெர்னஸ் போகும் பேருந்தில் வலப்பக்கம் உட்காருங்கள். அல்னஸ் அருகே ஃபைரிஷ் மலையுச்சியில் வளைவுகளோடு ஒரு வாசல் தெரியும். நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலை நினைவூட்டக் கட்டியது! 1781-இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகையைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் தளபதி சர் ஹெக்டர் மன்ரோ இந்த ஊர்ப் பண்ணையார். முந்தின வருஷம் பொள்ளிலூரில் ஹைதர் அலி, திப்பு படையிடம் சகாக்கள் அழிய, பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கியவரும் இவரே. அதற்கு வாசல் எதுவும் கட்டவில்லை. பிழைப்பற்ற உள்ளூர்க்காரர்களுக்கு வேலை தரவே இதைக் கட்டினார் என்றும், கூலி நாட்களைக் கூட்ட, ஏற்றிய கற்களை மறுபடி கீழே உருட்டிவிடச் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. தர்மவான் என்று சொல்லிச் சிரிக்கலாம். வாசல் எழுந்து பத்தே வருஷத்தில், 1792-இல், இந்த ஊர் இருக்கும் ராஸ் சீமையில் மக்கள் திரண்டு, தங்கள் நிலத்தைப் பிடித்துக்கொண்ட பண்ணையார்களின் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பட்டாளம் வந்து அடக்கியது.

பேருந்து அங்கே நிற்காது. மேலே ஏறி இறங்க இரண்டு மணி நேரமாவது வேண்டும், எந்தக் கோட்டைச் சுற்றுலாத் திட்டத்திலும் அதற்கு இடமில்லை. கப்பல் விற்கும் பயணத்தை விட்டுவிட்டு, துறைமுகத்தில் டாக்சி பிடித்து, போத் சாலையிலுள்ள கார் நிறுத்துமிடத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். காட்டுப்பாதை சேறு, நல்ல ஷூ அவசியம். திரும்பி வர டாக்சிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கப்பல் காத்திருக்காது.